மூன்றாம் பக்கமும் ஆறாம் பக்கமும்

என்னை நம்பிக் கொடுக்கப்பட்ட ஓர் இசைத்தட்டை நான் திருடினேன். திருட்டை மறைக்க, அது உடைந்துபோனதாகச் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பிய என் முதலாளி ஒரு பெண்ணின் முன் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒலிபெருக்கித் தொழில் செய்யும் நம் ஊர் இளைஞர்கள் தங்கள் ஆண்டு மலருக்கு அந்தக் காலத்துக் கிராமபோன் தொழிலைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். கேட்க வந்தவர்களில் ஒருவர், நான் மேல்நாட்டுச் சங்கீதம் கேட்பவன் என்று யாரோ சொல்லக் கேட்டு, பியானோ கான்செர்டோக் குறுந்தகடு ஒன்றையும் கொண்டுவந்தார். ஒருவர் பியானோ வாசிக்க, ஒரு பெரிய வாத்தியக் குழு அவரோடு சேர்ந்தும் எதிர்த்தும் வாசிப்பதற்கு அப்படிப் பெயர். முழுவதையும் போட்டுக் காட்டினார். ஒரு பகுதிக்குள் எங்குமே நிற்கவில்லை. தட்டைத் திருப்பவேண்டிய இடங்களில் என் கை மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து எழுந்து அமர்ந்தது.

"என்ன தாத்தா, பிடிக்கலையா?" என்றார்.

நன்றாக இருக்கிறது என்றேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் பாளையம்பட்டிக்காரன். பள்ளியிறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி மதுரைக் கல்லூரியில் சேர இருந்த வருஷம் அப்பா போய்விட்டார். அருப்புக்கோட்டை பஜாரில் கிராமபோன் வாடகைக்கு விடும் கடையில் சேர்ந்தேன். ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டும் என்று முதலாளி கேட்டிருந்தார். கம்பெனிக்காரர்களுக்குப் பதில் எழுத அவருக்கு ஆங்கிலம் வராது. வீட்டில் கன்னடம், கடையில் தமிழ், கோபம் வந்தால் மௌனம். இதுதான் சௌடப்பச் செட்டியார். பரம்பரையாகத் தறி வைத்திருந்த குடும்பத்தில் இவர் ஒருவர்தான் நூலை விட்டுப் பாட்டுக்கு வந்தவர். தொழில் கற்ற இரண்டு வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிராமபோன் பெட்டிகளுக்குச் சுருள்வில் மாற்றினேன், எண்ணெய் போட்டேன், கல்யாண வீடுகளில் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டேன்.

முதலாளியின் பழக்கங்களைத்தான் சொல்லவேண்டும். எந்தத் தட்டு கடைக்குள் வந்தாலும், நடுத்துளையில் விரலை விட்டு நிறுத்திப் பிடித்து, மறுகை முட்டியால் ஓரத்தை லேசாகத் தட்டுவார். முழுத் தட்டு கணீரென்று சொல்லும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் சத்தம் அடைத்துக்கொள்ளும். "பாட்டக் கேக்குறதுக்கு முந்தி பிளேட்டக் கேளு" என்பார். தட்டைப் படுக்கவைக்கக் கூடாது. வேட்டி நுனியால் துடைக்கக் கூடாது. ஒரு ஊசி ஒரு பக்கத்துக்குத்தான்.

யுத்தம் வந்ததும் ஊசி வருவது நின்றது. முதலாளி அசரவில்லை. திருச்சுழிச் சாலைக் காடுகளில் நிற்கும் உடைமரத்து முள்ளைக் கொண்டுவரச் சொன்னார். நீண்ட, வெளுத்த, நேரான முள். நிழலில் காயவைத்து, அளவாக வெட்டி, நுனியை உப்புத்தாளில் தீட்டி, ஊசி இருந்த இடத்தில் பொருத்தினோம். சத்தம் கொஞ்சம் அடங்கித்தான் வரும். ஆனால் தட்டு தேயாது. கல்யாண வீட்டுக்காரர்கள், "என்னய்யா, பாட்டுக்காரிக்குத் தொண்டை கட்டியிருக்கா?" என்று கேலி செய்வார்கள். "வெயிலு ஜாஸ்தி, எளநி வாங்கிக் குடுங்க" என்பார் முதலாளி.

வெயிலில் நெளிந்த தட்டை நிமிர்த்துவது தனி வேலை. கனமான இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் தட்டை வைத்து உச்சி வெயிலில் கிடத்தவேண்டும். தட்டு அரக்கால் ஆனது; அது இளகிக் கண்ணாடியோடு படிந்ததும், அப்படியே தூக்கி நிழலில் ஆறவிடவேண்டும். கொஞ்சம் முந்தினால் நெளிவு போகாது; பிந்தினால் ஊசி ஓடும் வரிகள் அழிந்துவிடும். அதை முதலாளி என்னிடமே விட்டிருந்தார்.

ரங்கூனிலிருந்து ஜனங்கள் கப்பலிலும் கால்நடையிலும் திரும்பிவந்த வருஷம் ஒருவர் நான்கு பெரிய தட்டுகளோடு கடைக்கு வந்தார். பெயர் முத்திருளாயி. திருச்சுழிப் பாதையில் கண்மாய்க்கரை ஊர் ஒன்றில் புஞ்சைக்காரக் குடும்பம். அப்பா ரங்கூன் அரிசி ஆலையில் காசாளராக இருந்ததால் இவர் அங்கேயே பிறந்து, கான்வென்டில் படித்து, பியானோ கற்று, துறைமுகக் குமாஸ்தா ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவர். பெற்றோர் அங்கேயே காலமாகிவிட்டார்கள். கணவர் இவரைக் கப்பலேற்றிவிட்டு அடுத்த கப்பலில் வருவதாகச் சொன்னார். பிறகு தகவல் இல்லை. இப்போது அண்ணன் வீட்டில் இருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நான் அக்கா என்றே கூப்பிட்டேன்.

"துணிப்பெட்டிய விட்டுட்டு இதத்தான் தூக்கிட்டு வந்தேன்" என்றார். "போடுறதுக்குப் பெட்டி இல்ல. நெளிஞ்சு வேற போச்சு. சரி பண்ண முடியுமா தம்பி?"

முதலாளி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். நான்கும் கணீரென்றன. நெளிவு குறைந்த தட்டை எடுத்து நான் பெட்டியில் வைத்தேன். ஒரு பக்கம் முடிந்ததும் வழக்கம்போலத் திருப்பிப் போட்டேன். திடீரென்று எல்லா வாத்தியங்களும் சேர்ந்து முழங்கி, கைதட்டல் மட்டும்தான் பாக்கி என்பதுபோல முடிந்தது.

"ஏலே, என்னலே இது? பொண்ணு இப்பத்தான் மணையில ஒக்காந்துச்சு. அதுக்குள்ள பந்தலப் பிரிக்கிறானுக" என்றார் முதலாளி.

அக்கா சிரித்துவிட்டார். இந்தத் தொகுப்பு, தானாகத் தட்டு விழும் பெரிய இயந்திரங்களுக்காகச் செய்தது என்று விளக்கினார். நான்கு தட்டுகளின் மேல்முகங்களை முதலில் வரிசையாகப் போடவேண்டும். அப்புறம் அடுக்கையே புரட்டிப் பின்முகங்களைப் போடவேண்டும். அதனால் ஒன்றாம் பக்கத்துக்குப் பின்னால் எட்டு. இரண்டுக்குப் பின்னால் ஏழு. மூன்றுக்குப் பின்னால் ஆறு. நான்குக்குப் பின்னால் ஐந்து.

தட்டுகளை விட்டுப்போனார். நான்கையும் நிமிர்த்தினேன். நிமிர்ந்ததா என்று பார்க்க, முதலாளி சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானம் பக்கம் பக்கமாகப் போட்டுக் கேட்டேன். ஆறாம் பக்கத்தில் என் கை வேலையை மறந்தது.

அது மெதுவாகப் போகும் நடுப்பகுதியின் முடிவு. பியானோ தனியாக ஒரு வரி சொல்லி நிறுத்தும். வயலின்கள் மிகத் தணிந்து அதற்குப் பதில் சொல்லும். பியானோ இன்னொன்று சொல்லும். மறுபடி பதில் வரும். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் அப்படிப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு இருபத்திரண்டு வயது. போகவேண்டிய இடமெல்லாம் எனக்கு மூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று தோன்றியது. கொடுக்கவில்லை. கடையின் பின்கட்டில் தகரக் கூரைக்கு அடியில் இருந்த பரணில், பழைய வேட்டியில் சுற்றி வைத்தேன். மத்தியானங்களில் எடுத்துக் கேட்டேன். ஆறாம் பக்கத்தை மட்டும்தான் கேட்டேன். பின்முகத்தில் என்ன இருக்கிறது என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

கண்ணாடிக்கு அடியில் ஒரு தட்டு வெடித்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். துண்டுகளைக் கேட்டார். உடைசல் அரக்கோடு சேர்த்து உருக்கிவிட்டேன் என்றேன். அக்கா வந்த அன்று முதலாளி எழுந்து நின்று கைகூப்பினார்.

"எங் கடையில நடந்த தப்புத் தாயி. ரங்கூன்ல இருந்து ஒடையாம வந்தது இங்க வந்து ஒடஞ்சிருச்சு. வேற வாங்கித் தரவும் இப்பக் கப்பல் இல்ல. வெள்ளிக்கிழமதோறும் இந்தப் பய பெட்டியக் கொண்டாந்து மிச்சத்தப் போட்டுக் காட்டுவான். வேண்டாம்னு சொல்லிராதீக."

"எந்தப் பிளேட்டு?" என்று மட்டும் கேட்டார் அக்கா.

"மூணும் ஆறும்" என்றேன்.

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். காரணம் அப்போது தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனபோதுதான் தெரிந்தது.

அவர் வீட்டு முற்றத்தில் ஒரு நீளப் பலகை கிடந்தது. அதில் கரியால் பியானோக் கட்டைகளை, கறுப்பும் வெள்ளையுமாக, அளவெடுத்து வரைந்திருந்தார். நான் தட்டை ஓடவிட, அவர் பலகை முன் உட்கார்ந்து விரல்களை ஓட்டினார். மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் பியானோ ஆசிரியை வேலை காலியாக இருந்தது. தை மாதம் வாசித்துக்காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். இசைக்குறிப்புப் புத்தகங்கள் எல்லாம் ரங்கூனோடு போயின. பெரிய வேலைக்குக் காட்டத்தக்க அளவில் அவர் முழுதாகக் கற்றது இந்த ஒன்றுதான். அதை நினைவில் பிடித்துவைக்க அவரிடம் இருந்தது இந்தத் தட்டுகள் மட்டும்தான்.

அவருடைய மதினி, அண்ணன் மனைவி, முறத்தோடு வந்து நின்றார்.

"தறிக்கட்டயத் தட்டுனாலும் துணி வரும். இந்தப் பலகயத் தட்டுனா என்னம்மா வரும்?"

"சம்பளம் வரும் மதினி. பொறுங்க."

"வரட்டும் வரட்டும். வந்தா எனக்கும் ஒரு பலக வரஞ்சு குடு."

இரண்டாம் பக்கம் முடிந்தது. மூன்றாம் பக்கம் இல்லை. அக்கா நிறுத்தவில்லை. பெட்டி சும்மா நிற்க, பலகையில் தொடர்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் விரல்கள் தடுமாறி நின்றன. மறுபடி தொடங்கினார். அதே இடத்தில் நின்றன.

"இந்த இடத்துல மத்த வாத்தியமெல்லாம் ஓஞ்சிரும் தம்பி. நம்ம கச்சேரில தனி வாசிப்பாகள்ல, அந்த மாதிரி பியானோ மட்டும் தனியா வாசிக்கணும். ஆளோட கை எப்பிடின்னு இதுலதான் பாப்பாக. கேட்டுக்கிட்டே இருந்தா வந்துரும்னு நெனச்சேன்."

நான் ஆசைப்பட்டது ஆறாம் பக்கத்துக்கு. அதன் முதுகில் அவருடைய பிழைப்பு இருந்தது.

அன்றே சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்லியிருக்கலாம். கடையில் முதலாளி கைகூப்பியதுதான் கண்ணில் நின்றது. அவருக்கு எப்படி முகம் காட்டுவது என்று தள்ளிப்போட்டேன். தடுமாறும் இடம் வெள்ளிக்கிழமைதோறும் கொஞ்சம் முன்னால் வந்தது. கேட்காததால் நினைவு பின்னாலிருந்து அழிந்துகொண்டே வந்தது. நான் பார்த்துக்கொண்டு பெட்டிக்குச் சாவி கொடுத்தேன்.

தையில் மதுரைக்குப் போய் மறுநாளே திரும்பினார். அந்த வாரம் நான் போனபோது பலகை சுவரில் சாத்தியிருந்தது.

"நின்னுட்டேன்" என்றார். "அதே எடந்தான். எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாக. பியானோ மூடிய மூடிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்."

அன்று மதினி முறமும் கேலியும் இல்லாமல் வந்தார். எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தார். அதைத் தொடாமல் கிளம்பினேன்.

கடைக்கு வந்ததும், முதல் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் தொடாமலே வைத்திருந்த தட்டைப் பரணிலிருந்து எடுத்தேன். முதலாளி செய்வதைப்போல ஓரத்தைத் தட்டினேன். சத்தம் அடைத்தது. தகரச் சூட்டில், படுத்த வாக்கில் கிடந்து, ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒரு மயிரிழைக் கீறல் ஓடியிருந்தது. கடையில் சேர்ந்த முதல் வாரம் சொல்லிக்கொடுத்ததைக்கூடக் காப்பாற்றாமல் வைத்திருந்திருக்கிறேன்.

அப்படியே முதலாளி முன் கொண்டுபோய் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தட்டை நிறுத்திப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு விளக்கை ஏற்றி, ஒரு கம்பி நுனியில் அரக்கை உருக்கி, வரிகளுக்கு வெளியே விளிம்பில் மட்டும் ஒரு சொட்டு வைத்துக் கீறலைக் கட்டினார். ஆறும்வரை தட்டைக் கையிலேயே நிறுத்திப் பிடித்திருந்தார்.

"முள்ளு வச்சுத்தான் போடணும். ஊசி தாங்காது. முள்ளு வச்சாலும் ரொம்ப நாளு நிக்காது" என்றார். "கொண்டுபோயிக் குடு. நான் வரமாட்டேன். நீயே குடு."

என்னை வேலையைவிட்டு நீக்கவில்லை. ஆனால் அதன் பிறகு, அவர் கடையில் நான் இருந்த வருஷங்கள் முழுவதும், வாடிக்கையாளர் தட்டு எதையும் என் கையில் கொடுத்ததில்லை. பெட்டிகளைத் தருவார். தட்டு வந்தால் தானே எழுந்து வந்து வாங்கிக்கொள்வார்.

அக்காவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. தட்டின் இரண்டு முகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தப் பக்கத்துக்காக எடுத்தீக?"

"ஆறு."

"கேக்கணும் போல இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வச்சுட்டுப் போயிருப்பேனே தம்பி. மூணாம் பக்கம் வந்ததும் வாங்கிக்கிட்டிருப்பேன்."



அடுத்த வாரம் மதுரைக்குப் போனேன். அப்போது பெட்ரோல் பஞ்சம். கரியில் ஓடும் பஸ். காரியாபட்டிக்கு இந்தப் பக்கமே மூச்சு வாங்கி நின்றுவிட, எல்லோரும் இறங்கித் தள்ளினோம். பள்ளித் தலைமையாசிரியை ஒரு வெள்ளைக்கார அம்மையார். முத்திருளாயி நின்றுபோனது அவர் குறையல்ல, என் திருட்டு என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பேச்சை நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். அம்மையார் தமிழில் பதில் சொன்னார்.

"இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீர்? வேலைக்கு ஆள் வைத்தாயிற்று. ஆனால் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஜூனில் ஒருவர் தேவைப்படலாம். வந்து மறுபடி வாசிக்கச் சொல்லும். இந்த முறை நிறுத்தக் கூடாது."

மாசியிலிருந்து வைகாசி வரை வெள்ளிக்கிழமைகளில் மூன்றாம் பக்கத்தைப் போட்டேன். வேறெதையும் போடவில்லை. ஒவ்வொரு முறைக்கும் ஒரு புது முள். கீறல் ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்றது. முதலில் தாங்க முடியவில்லை. "விடுங்க, தாளம் போட ஒரு ஆளு கெடச்சிருக்கு" என்றார் அக்கா. கீறல் உள்ளே நகர்ந்துகொண்டே வந்ததை இருவரும் பார்த்தோம். மூன்றாம் பக்கம் ஓட ஓட அதன் முதுகில் இருந்த ஆறாம் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு முறை திருப்பிப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்க நாக்கு நுனிவரை வரும். கேட்கவில்லை. நான் செய்ததற்கு ஈடாக என்னால் செய்ய முடிந்தது அந்தக் கேட்காமை ஒன்றுதான்.

வைகாசிக் கடைசியில் ஒருநாள், பெட்டியிலிருந்து எடுக்கும்போது தட்டு என் இரண்டு கையிலும் பாதிப் பாதியாக வந்தது. அக்கா எழுந்து வந்து பார்த்தார்.

"மூணு எனக்கு வந்துருச்சு" என்றார். பிறகு துண்டுகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "உங்களுதுதான் போச்சு" என்றார்.

ஜூனில் அவருக்கு வேலை கிடைத்தது. மீதி மூன்று தட்டுகளோடு மதுரைக்குப் போய்விட்டார். மதினி பஸ்ஸேற்ற வந்து, "சம்பளம் வந்ததும் இந்தப் பக்கம் வராம இருந்துராத" என்று அதட்டிவிட்டு அழுதார்.

யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் அந்தப் பள்ளியிலிருந்து கிராமபோன் பழுது என்று ஆள் வந்தது. முதலாளி என்னையே அனுப்பினார். இசையறை வாசலில் போய் நின்றேன். உள்ளே பெரிய பெண்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். பழுதான பெட்டி ஓரமாக இருந்தது. இன்னொரு சின்னப் பெட்டியில் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா எனக்கு முதுகு காட்டிப் பியானோ முன் இருந்தார். தட்டு ஓடும் பெட்டியைப் பார்க்க அவர் பாதி திரும்பியபோது, நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியும் ரங்கூனிலிருந்து வந்தபோது இருந்தபடியே இருந்தன. கணவர் இறந்ததாகத் தகவல் ஏதும் வரவில்லை என்று புரிந்துகொண்டேன்.

இரண்டாம் பக்கம் முடிந்ததும், ஒரு பெண் தட்டைத் தூக்க, அக்கா மூன்றாம் பக்கத்தைத் தானே வாசித்தார். எங்கும் நிற்கவில்லை. நான்கும் ஐந்தும் பெட்டியில் ஓடின. அடுத்தது ஆறு. அதையும் அவர்தான் வாசித்தார்.

பியானோ முதல் வரியைச் சொல்லி நிறுத்தியது. அங்கே வயலின்கள் வரவேண்டும். அவற்றை வாசிக்க அந்த அறையில் யாரும் இல்லை. அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அவசரப்படவில்லை, அந்த இடத்தைத் தாண்டிப் போகவும் இல்லை. அங்கே இல்லாத வயலின்கள் வாசித்து முடிக்கும்வரை, அந்த நேரம் முழுவதையும் அவற்றுக்கு விட்டுக்கொடுத்துக் காத்திருந்தார். பிறகு அடுத்த வரியைத் தொடங்கினார். மறுபடி நிறுத்தினார். மறுபடி காத்திருந்தார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மௌனத்தில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அந்த இடத்தில் இரண்டே பேர். ஒவ்வொரு முறையும் வயலின்கள் எங்கே முடியும் என்று எனக்குத் தெரிந்தது. சரியாக அங்கேதான் அவர் கைகள் மடியிலிருந்து எழுந்தன.